மணம் பறக்கும், காரம் நிற்கும்: அரிய சுவைகளில் சர்பத்தும் மிட்டாயும் பானகமும் செய்யும் முறை

முதல் முறை நன்னாரி சர்பத் செய்தபோது வேரை அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். கூடம், தாழ்வாரம், மாடிப்படி என்று வீடு முழுவதும் மணந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று, என்ன காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டார். மறுநாள் புட்டியைத் திறந்து ஒரு குவளை கலக்கிக் குடித்துப் பார்த்தேன். நிறம் இருந்தது, இனிப்பு இருந்தது, நன்னாரியை மட்டும் காணவில்லை. முந்தைய நாள் வீட்டை நிறைத்த அந்த மணம்தான் புட்டிக்குள் தங்கியிருக்க வேண்டிய மணம் என்பது அப்போதுதான் விளங்கியது.

வேர், காரம், கசப்பு, உப்பு, கற்பூரம் போன்ற பழக்கமில்லாத சுவைகளை இனிப்பில் கொண்டுவர விரும்புவோர் பெரும்பாலும் ஒரே வழியில் தவறுகிறார்கள். தமக்குக் கைவந்த இனிப்பைச் செய்து முடித்துவிட்டு, அதன்மேல் புதிய சுவையைத் தூவிப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் இனிப்பு தனியாகவும் சுவை தனியாகவும் நாக்கில் நிற்கும். சுவையின் குணத்தை முதலில் அறிந்துகொண்டு, அதைச் சுற்றி இனிப்பைக் கட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வரும் முறை. ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அதன் மணம் சூட்டில் பறந்துவிடுமா, தண்ணீரில் இறங்குமா அல்லது நெய்யில்தான் இறங்குமா, புளிப்பும் பாலும் அதோடு ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொண்டால், செய்முறையின் பெரும்பகுதி தானாகவே அமைந்துவிடும். நம் ஊரில் நெடுங்காலமாகப் புழங்கும் நன்னாரி சர்பத், இஞ்சி மரப்பா, பானகம் ஆகிய மூன்றையும் இந்தக் கேள்விகளோடு செய்து பார்த்தவர்களுக்கு, வேறு எந்த அரிய சுவையையும் தாமே கையாள முடியும்.

நன்னாரி: பறக்கும் மணத்தைப் பிடித்தல்

நன்னாரி வேரை நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது ஒரு துண்டை ஒடித்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். ஒடித்த இடத்தில் மணம் உடனே எழ வேண்டும். நாள்பட்ட வேர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், மணம் மட்டும் இருக்காது. வேரைக் குறுக்கே ஒடித்தால் இரண்டு பகுதிகள் தெரியும்: வெளியே கருமை கலந்த பழுப்புப் பட்டை, உள்ளே வெளிறிய மரக்குச்சி போன்ற நடுத்தண்டு. மணம் முழுவதும் பட்டையில்தான் இருக்கிறது. நடுத்தண்டு வெறும் கட்டைச் சுவையைத்தான் தரும். ஆகவே வேரை மண் போக மூன்று நான்கு தண்ணீரில் அலசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, உரலிலோ அம்மிக் குழவியாலோ தட்டினால், பட்டை பிளந்து தண்டிலிருந்து கழன்றுவிடும். தண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் பட்டையை மட்டும் ஒன்றிரண்டாக நசுக்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். ஆனால் கடைச் சர்பத்துக்கும் வீட்டுச் சர்பத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

நன்னாரியின் மணப்பொருளும் வெனிலாவின் மணப்பொருளான வெனிலினும் நெருங்கிய உறவினர்கள். இரண்டிலும் உள்ள அணுக்கள் எண்ணிக்கை உட்பட ஒன்றே. அவை அடுக்கப்பட்டிருக்கும் விதம் மட்டும் வேறு. இதனால்தான் வெனிலா எங்கெல்லாம் பொருந்துமோ அங்கெல்லாம் நன்னாரியும் பொருந்துகிறது. மதுரை ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பாலோடும் பாதாம் பிசினோடும் பனிக்கூழோடும் நன்னாரிப் பாகு சேர்வது இந்த உறவுக்கு நல்ல சான்று. ஊறுகாய் போடும் மாகாளிக் கிழங்கிலும் இதே மணப்பொருள்தான் இருக்கிறது. அந்த ஊறுகாயின் வாடையைப் பொறுக்க முடியாதவர்கள்கூட நன்னாரி சர்பத்தை விரும்பிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே மணம் தயிரோடும் உப்போடும் சேர்ந்தால் ஒரு முகம் காட்டுகிறது, சர்க்கரையோடு சேர்ந்தால் வேறு முகம் காட்டுகிறது.

இந்த மணப்பொருள் நீராவியோடு சேர்ந்து எளிதில் வெளியேறக்கூடியது. அதனால் வேரைக் கொதிக்கவிடக் கூடாது, கொதித்த நீரில் ஊறவிட வேண்டும். 100 கிராம் வேரிலிருந்து எடுத்த பட்டையை மூடி இறுக்கமாகப் பொருந்தும் பாத்திரத்தில் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய 500 மி.லி. வெந்நீரை அதன்மேல் ஊற்றி, உடனே மூடிவிடுங்கள். மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையே ஆவி கசிந்தால் ஈரத் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். இரவு முழுவதும் அப்படியே இருக்கட்டும். காலையில் மூடியைத் திறக்கும்போது அதன் உட்புறத்தில் கோத்திருக்கும் நீர்த்துளிகளைக் கீழே சிந்திவிடாமல் பாத்திரத்துக்குள்ளேயே வடியவிடுங்கள். அந்தத் துளிகளும் மணத்தைச் சுமந்திருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டிப் பிழிந்தால், செம்பழுப்பு நிறத்தில் ஏறத்தாழ 400 மி.லி. சாறு கிடைக்கும்.

இனி பாகு. இங்கேதான் வழக்கமான செய்முறையிலிருந்து விலக வேண்டும். சாற்றிலேயே சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சினால், இரவெல்லாம் காத்த மணத்தைக் காலையில் கால் மணி நேரத்தில் இழந்துவிடுவோம். அதற்குப் பதிலாக 1 கிலோ சர்க்கரையை 200 மி.லி. வெறும் தண்ணீரில் கரைத்து, அரை எலுமிச்சம் பழத்தின் சாற்றைச் சேர்த்து, சிறு தீயில் பத்து நிமிடம் தனியாகக் காய்ச்சுங்கள். எலுமிச்சையின் புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரித்துவிடும். இந்த மூன்றும் கலந்திருக்கும் பாகு, ஆறிய பிறகு எளிதில் கற்கண்டு கட்டாது. பாகு கெட்டியாகி வந்ததும் அடுப்பைத் தணித்து, நன்னாரிச் சாற்றை ஊற்றிக் கலக்கி, ஓரங்களில் ஆவி கிளம்பும் வரை மட்டும் சூடாக்கி இறக்கிவிடுங்கள். முழுவதும் ஆறிய பின் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இந்த அளவில் பாகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருக்கும்; அந்தச் செறிவுதான் அதைக் கெடாமல் காக்கிறது. உடல்நலம் கருதி இனிப்பைக் குறைக்க விரும்புவோர் பாகில் குறைக்காமல், குவளையில் ஊற்றும் அளவைக் குறைத்துக்கொள்வதே சரி.

200 மி.லி. குளிர்ந்த நீருக்கு 30 மி.லி. பாகும் அரை எலுமிச்சம் பழத்தின் சாறும் போதும். நிறம் வெளிறியிருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். கடைப் புட்டிகளில் நாம் பார்த்துப் பழகிய கருஞ்சிவப்பு பெரும்பாலும் கருக்கிய சர்க்கரையின் நிறம். வேரின் நிறம் இவ்வளவுதான்.

வெட்டிவேரிலும் இதே வழியைப் பின்பற்றலாம், ஆனால் அதன் குணம் சற்று மாறுபட்டது. வெட்டிவேரின் மணம் கனமானது, மெதுவாகவே வெளிவருவது. வாசனைத் திரவியங்களில் மற்ற மணங்களை நிலைநிறுத்த அதைப் பயன்படுத்துவதற்கும் இதுவே காரணம். வெந்நீர்கூடத் தேவையில்லை. பல தண்ணீரில் மண் போக அலசி, மண்பானைக் குளிர்நீரில் ஓர் இரவு போட்டுவைத்தால் போதும். வட இந்தியாவில் கஸ் என்ற பெயரில் விற்கும் பச்சைப் பாகின் பச்சை, சேர்க்கப்படும் சாயம். வேர் பச்சையாக இருப்பதில்லை.

இஞ்சி மரப்பா: நிற்கும் காரத்தை மிட்டாயாக்குதல்

பேருந்தில் மலையேறும்போது ஒரு வில்லை இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். முதலில் சர்க்கரை கரைகிறது, பிறகுதான் காரம் தொண்டையில் இறங்குகிறது. அந்த வரிசை கெடாமல் இருப்பதே நல்ல மரப்பாவின் அடையாளம். காரம் முந்திக்கொண்டால் அது மருந்தாகிவிடும். காரமே வராவிட்டால் வெறும் சர்க்கரைக் கட்டிதான்.

நன்னாரியின் மணத்தைப் போல இஞ்சியின் காரம் ஆவியோடு பறந்துவிடுவதில்லை. பறப்பது இஞ்சியின் மேல்மணம் மட்டுமே. காரத்தைத் தரும் ஜிஞ்சரால் என்ற பொருள் பாகிலேயே தங்கிவிடும். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது இந்த ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகால் என்ற வேறு பொருளாக மாறுகிறது. ஷோகாலின் உறைப்பு ஜிஞ்சராலை விடக் கூடுதல். பச்சை இஞ்சியை விடச் சுக்கு தொண்டையைச் சுடுவது இதனால்தான். மரப்பா செய்வோருக்கு இது பயன்படும் செய்தி: இஞ்சிச் சாற்றில் செய்த மரப்பாவில், இறக்கும் நேரத்தில் கால் தேக்கரண்டி சலித்த சுக்குத் தூளைச் சேர்த்தால், இஞ்சியின் பசுமையும் சுக்கின் சூடும் இரண்டும் கிடைக்கும்.

100 கிராம் இஞ்சி எடுத்துக்கொள்ளுங்கள். மிக இளசாக இருந்தால் காரம் போதாது. மிக முற்றியிருந்தால் நார்தான் மிஞ்சும். தோலை முழுவதும் சீவிவிடுங்கள். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று நம் வைத்தியர்கள் சொல்லிவைத்தது இந்தத் தோலைக் குறித்துத்தான். மிட்டாய் செய்பவருக்கு அதில் இன்னொரு நியாயமும் உண்டு, தோலோடு ஒட்டியிருக்கும் மண் எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போவதில்லை. சீவிய இஞ்சியைச் சிறு துண்டுகளாக்கி, 50 மி.லி. தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து, சாற்றை ஒரு கண்ணாடிக் குவளையில் இருபது நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக ஒரு படிவு இறங்கும். அது இஞ்சியின் மாவுச்சத்து. மேலே தெளிந்த சாற்றை மட்டும் மெதுவாக இறுத்துக்கொண்டு, அடிமண்டியை விட்டுவிடுங்கள். மண்டி பாகில் கலந்தால் அடிப்பிடிக்கும், வில்லையும் பிசுபிசுப்பாகும்.

அடிகனமான வாணலியில் 400 கிராம் சர்க்கரையை 100 மி.லி. தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, விரலிடையில் ஒரு கம்பி நீளும் பதம் வந்ததும் இஞ்சிச் சாற்றை ஊற்றுங்கள். பாகு இளகி, நுரைத்துப் பொங்கும்; ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் நுரை அடங்கும். விடாமல் கிளறிக்கொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் நீர்க்குமிழிகள் பெரிதாகிக் கனத்து, மெதுவாக வெடிக்கத் தொடங்கும். அப்போது ஒரு கிண்ணத்துக் குளிர்நீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு கரைந்து பரவினால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலால் திரட்டும்போது உருண்டையாகி, அழுத்தினால் மட்டும் தட்டையாகும் அளவுக்கு நின்றால் அது உருட்டுப் பதம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 118 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை என்று சொல்லலாம். அதைத் தாண்டி 150 டிகிரிக்குப் போனால் நாம் செய்வது கண்ணாடி போன்ற கடிமிட்டாயாகிவிடும், மரப்பா ஆகாது.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, சுக்குத் தூளையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்து, வேகமாகக் கிளறுங்கள். இதுவரை பளபளப்பாக இருந்த பாகு, கண்ணெதிரே பளபளப்பை இழந்து மங்கி, வெளுத்து, வாணலியின் ஓரங்களில் பொரிந்து ஒட்டும். கரண்டியின் அடியில் மெல்லிய சரசரப்பு கேட்கும். அதுவே நெய் தடவிய தட்டில் கொட்ட வேண்டிய நொடி. அரை நிமிடம் தாமதித்தால் வாணலியிலேயே இறுகிவிடும். கொட்டிச் சமன்படுத்தி, சூடு தணிவதற்குள் கத்தியால் வில்லை போட்டுவிடுங்கள்.

இந்த மங்கலும் சரசரப்பும் சர்க்கரை நுண்ணிய மணிகளாக மீண்டும் உறைவதன் அறிகுறி. மரப்பா வாயில் பொடிந்து கரைய வேண்டுமானால் அந்த மணிகள் கட்டாயம் வேண்டும். நன்னாரிப் பாகில் எதைத் தடுப்பதற்காக எலுமிச்சை சேர்த்தோமோ, அதையே இங்கே நாம் வேண்டி வரவழைக்கிறோம். எனவே மரப்பாவில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டும் விடக் கூடாது. விட்டால் எவ்வளவு கிளறினாலும் அது மரப்பாவாக உறையாமல் ஜவ்வாகவே இழுக்கும். என் அனுபவத்தில் மரப்பா தோற்றுப்போகும் சமையலறைகளில் பாதியில் காரணம் இந்த எலுமிச்சைதான். இஞ்சி என்றால் எலுமிச்சையும் கூடவே வரும் என்ற பழக்கம் கையை அந்தப் பக்கம் இழுத்துவிடுகிறது. வெல்லத்தில் செய்தாலும் இதே சிக்கல் எழும், ஏனெனில் வெல்லத்தில் இயல்பாகவே குளுக்கோஸும் பிரக்டோஸும் கலந்திருக்கின்றன. வெல்லச் சுவை வேண்டுவோர் சர்க்கரையில் கால் பங்கை மட்டும் வெல்லமாக மாற்றிப் பார்க்கலாம்.

சிலர் வில்லை மென்மையாக வர வேண்டும் என்று பாலும் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ப்பதானால் பச்சை இஞ்சிச் சாற்றில் நேரே பாலை ஊற்றாதீர்கள். பாலைத் திரிக்கும் நொதி ஒன்று இஞ்சியில் இருக்கிறது. தென்சீனத்துக் குவாங்டோங் பகுதியில் இந்தக் குணத்தையே பயன்படுத்தி ஓர் இனிப்பு செய்கிறார்கள்: ஒரு கிண்ணத்தில் இஞ்சிச் சாற்றை வைத்து, சர்க்கரை கலந்த சூடான பாலை உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றி, தொடாமல் விட்டுவிடுகிறார்கள், சில நிமிடங்களில் பால் கரண்டியைத் தாங்கும் அளவுக்கு உறைந்துவிடுகிறது. பால் கொதிநிலையில் இருந்தால் நொதி செயலிழந்துவிடும், ஆறிப்போயிருந்தால் வேலை செய்யாது. 70 டிகிரி அளவில் இருக்க வேண்டும். நமக்குத் திரியாத இஞ்சிப் பால் வேண்டுமென்றால் எதிர்வழியில் போக வேண்டும். இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு நொதியை அடக்கிவிட்டு, பிறகு பாலைச் சேர்க்க வேண்டும்.

பானகம்: கடுகளவின் கணக்கு

இராமநவமிக்குப் பானகம் கரைக்காத வீடுகளிலும் அதன் சுவை தெரிந்திருக்கும். ஆந்திரத்து மங்களகிரியில் நரசிம்மர் பானகாலராயர் என்றே பெயர் பெற்றிருக்கிறார். பக்தர்கள் கொண்டுவரும் பானகத்தில் பாதியை அவர் அருந்திவிட்டு மீதியைப் பிரசாதமாகத் திருப்பித் தருகிறார் என்பது அங்குள்ள நம்பிக்கை. வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை, பச்சைக் கற்பூரம் என்று ஒன்றுக்கொன்று பகைக்கக்கூடிய ஐந்து பொருள்கள் இதில் ஒரு குவளையில் அமைதியாக நிற்கின்றன. அரிய சுவைகளைச் சமன்செய்யக் கற்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

1 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் வெல்லத்தை நுணுக்கிக் கரைத்து, கல்லும் தூசியும் போக வடிகட்டுங்கள். அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள், நான்கு ஏலக்காய்களின் பொடி, ஒரு பெரிய எலுமிச்சம் பழத்தின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேருங்கள். உப்பைச் சிலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். உப்பு நாக்கில் கசப்பை அடக்கும் குணம் கொண்டது. வெல்லத்திலும் சுக்கிலும் மறைந்திருக்கும் இலேசான கசப்பு அடங்கியதும் இனிப்பு தானாகவே மேலெழும், வெல்லத்தைக் கூட்ட வேண்டியிருக்காது.

கடைசியாகப் பச்சைக் கற்பூரம். இதில் கை நடுங்க வேண்டும் என்றே சொல்வேன். 1 லிட்டருக்குக் கடுகளவு போதும். அதற்கு மேல் போனால் பானகம் பூஜையறை வாடை அடிக்கும், அளவு மிகுந்தால் உடலுக்கும் கேடு. கற்பூரம் உடலில் அதிகமானால் வலிப்பு வரக்கூடும். சிறு குழந்தைகளுக்கு மிகச் சிறிய அளவே ஆபத்தாகலாம் என்பதால், கைக்குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தரும் பானகத்தில் நான் அதைச் சேர்ப்பதே இல்லை. உண்பதற்கென்று குறித்து விற்கும் பச்சைக் கற்பூரத்தை மட்டுமே வாங்குங்கள். ஆரத்திக்குக் கொளுத்தும் கற்பூர வில்லை உண்பதற்கானது அன்று. அதை ஒருபோதும் உணவில் சேர்க்கக் கூடாது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதிருப்பது நல்லது.

கற்பூரம் தண்ணீரில் எளிதில் கரையாது, மேலே மிதக்கும். அப்படி மிதந்தால் முதல் குவளையைக் குடிப்பவர் முழுக் கற்பூரத்தையும் குடித்துவிடுவார், மற்றவர்களுக்கு ஒன்றும் இராது. எனவே கடுகளவுக் கற்பூரத்தை ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு சேர்த்து அம்மியிலோ சிறு உரலிலோ மாவாக நுணுக்கி, பிறகு பானகத்தில் தூவிக் கலக்குங்கள். சர்க்கரைப் பொங்கல், லட்டு போன்றவற்றில் சேர்ப்பதானால் தண்ணீரை விட்டுவிட்டு நெய்யை நாடுங்கள். வெதுவெதுப்பான ஒரு கரண்டி நெய்யில் அது முழுவதுமாகக் கரைந்து, இனிப்பின் எல்லாப் பக்கத்துக்கும் சமமாகப் போய்ச் சேரும். திருப்பதி லட்டில் நெய்யோடும் ஏலக்காயோடும் பச்சைக் கற்பூரம் இவ்வளவு இதமாக நிற்பதற்கு அந்த நெய்யே துணை.

பானகத்தைக் கரைத்தவுடன் குடிக்காமல் ஒரு மணி நேரம் மண்பானையில் வையுங்கள். சுக்கின் உறைப்பு நீரில் இறங்க அந்த நேரம் வேண்டும். பனிக்கட்டி போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிகக் குளிர்ந்த பானத்தில் இனிப்பை நாக்கு குறைவாகவே உணரும், சுக்கின் சூடும் மங்கிவிடும். மிஞ்சுவது புளிப்பும் கற்பூரமும் மட்டுமே. குளிர்ந்துதான் வேண்டும் என்பவர்கள் வெல்லத்தையும் சுக்கையும் சற்றுக் கூட்டி, குளிர்ந்த நிலையிலேயே சுவை பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

உப்பும் அதிமதுரமும்

பிற நாடுகளின் அரிய சுவைகளைத் தேடுவோர் ஒருமுறையாவது பின்லாந்தின் சல்மியாக்கியைச் சந்தித்திருப்பார்கள். கருநிறமான இந்த மிட்டாயில் அதிமதுரத்தோடு அம்மோனியம் குளோரைடு சேர்கிறது. அந்த உப்பைத்தான் நாம் நவச்சாரம் என்கிறோம். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் வாணலியைச் சூடாக்கி அதில் தேய்க்கும் அதே வெண்தூள். நாக்கில் பட்டதும் உப்பும் கூர்மையான ஒரு நெடியும் முதலில் ஏறி, அவை அடங்கிய பிறகே அதிமதுரத்தின் இனிப்பு வருகிறது. பின்லாந்துக் குழந்தைகள் இதை நாம் கமர்கட்டைச் சுவைப்பது போலச் சுவைக்கிறார்கள். ஒரு சுவை அரியதா பழகியதா என்பதைப் பிறந்த ஊர்தான் முடிவுசெய்கிறது.

கடையில் கிடைக்கும் நவச்சாரத்தை வாங்கி வீட்டில் இதைச் செய்ய முயலாதீர்கள். அது உலோக வேலைக்கான தரத்தில் விற்கப்படுவது, உண்ணத் தகுந்ததன்று. அதிமதுரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதன் இனிப்புப் பொருள் சர்க்கரையை விடப் பல மடங்கு இனிப்பானது, மெதுவாக எழுந்து நெடுநேரம் நாக்கில் தங்குவது. ஒரு சிறு குச்சியைத் தட்டிப் போட்டுச் சுக்கு மல்லிக் காப்பியைக் காய்ச்சினால் கருப்பட்டியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால் உடலில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் உயரும். அழுத்த நோய்க்கோ இதய நோய்க்கோ மருந்து உட்கொள்பவர்களும் கருவுற்றிருப்பவர்களும் இதைத் தவிர்ப்பதே முறை.

சொந்தமாக ஒரு சுவையை முயலும்போது

இனி, இதுவரை யாரும் சொல்லித் தராத ஒரு சுவையை எடுத்துக்கொள்வோம். வெற்றிலை சர்பத் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் 100 கிராம் சர்க்கரைக்கு மிகாத சிறு அளவில் தொடங்குங்கள். தோற்றாலும் வருத்தம் இராது. வெற்றிலையின் மணம் கிராம்பின் மணத்தோடு உறவுடையது, கிராம்பில் உள்ள யூஜினால் அதிலும் இருக்கிறது. ஆகவே கிராம்பைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. இலையைக் காய்ச்சினால் பச்சை நிறம் மங்கி, கீரை வாடை வந்துவிடும். எனவே சர்க்கரைப் பாகைத் தனியாகக் காய்ச்சி முழுவதும் ஆறவிட்டு, காம்பும் நடுநரம்பும் களைந்த எட்டு இளம் வெற்றிலைகளை அந்தக் குளிர்ந்த பாகோடு சேர்த்து அரைத்து, உடனே வடிகட்ட வேண்டும். புளிப்புப் பட்டாலும் பச்சை நிறம் பழுப்பாக மாறும் என்பதால், எலுமிச்சையைப் பாகில் சேர்க்காமல் பரிமாறும் குவளையில் மட்டும் பிழியுங்கள். தாம்பூல நினைவில் பாக்கைச் சேர்க்கும் ஆசை எழலாம். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதை இனிப்பில் சேர்க்க வேண்டாம்.

செய்ததை மூன்று முறை சுவைத்துப் பாருங்கள்: செய்தவுடன், குளிர்ந்த பிறகு, மறுநாள். முதல் சுவையை நம்பாதீர்கள், ஏனெனில் அரைமணி நேரம் அதே மணத்தில் நின்ற மூக்கு அதற்குப் பழகிப்போய், போதாது என்று சொல்லிக் கையை மீறச் செய்யும். வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து சுவைத்தால் உண்மை தெரியும். பெயரைச் சொல்லாமல் வீட்டில் உள்ள ஒருவரிடம் ஒரு வாய் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குவளையைப் பாருங்கள். மரியாதைக்காக நன்றாயிருக்கிறது என்பவர்கள் குவளையைக் கீழே வைத்துவிடுவார்கள். பிடித்தவர்கள் பேசிக்கொண்டே இரண்டாவது வாய் குடித்துவிடுவார்கள். பொருளின் எடை, ஊறிய நேரம், இறக்கிய பதம், மறுநாளின் மாற்றம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். என் நோட்டில் நன்னாரிக்கு மட்டும் பதினொரு பக்கங்கள் இருக்கின்றன. முதல் பக்கத்தில் "அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன்" என்று எழுதி, அதன்மேல் நானே குறுக்கே கோடு போட்டிருக்கிறேன்.